பால் ஊத்தியாச்சு

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை, ஒரு வாக்கியத்தை ஆரப்பாளையத்தில் இருந்து சிம்மக்கல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

தலைச்சுமை கிடையாது. கணக்கு வழக்கு கிடையாது. வாய் இருந்தால் போதும். அந்த வாயை வைத்துத்தான் உயிரோடு இருந்த ஒரு மனிதரை அன்று நான் சாகடித்தேன்.

என் பெயர் காசிம். தெற்குவாசல் பக்கம் எங்கள் வீடு. அத்தாவுக்குத் தையல் கடை. என்னை மிஷினில் உட்கார வைத்துப் பார்த்தார், சட்டையின் இரண்டு கையும் ஒரே பக்கம் வந்தது. பெட்டிக்கடையில் விட்டுப் பார்த்தார், கடைக்காரரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மதுரையில் ஒரு கைத்தொழில் பள்ளிக்கூடத்தில் தரைக்குப் பூக்கல் பதிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். சிமிட்டியில் அச்சுப்போட்டுச் செய்த சதுரக் கல். நாலு கல்லைச் சரியாகச் சேர்த்தால் ஒரு பூ வரும். நான் சேர்த்தால் நாலு மூலைக்கும் நாலு இலை போகும்.

வகுப்பில் சேர்த்த அன்றே அத்தா சொல்லிவிட்டார்.

"இதுலயும் தேறலைன்னா திண்டுக்கல்லு மாமா தோல் மண்டிதான். உப்புத்தோலை அடுக்கிக்கிட்டு அங்கேயே கெட."

மாமாவின் தோல் மண்டிக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். போய்விட்டு வந்து எத்தனை முறை குளித்தும் அந்த வாடை போகவில்லை. தெருவில் நடந்தால் பூனைகள் பின்னாலேயே வந்தன. அந்தப் பூனைகளை நினைத்துக்கொண்டுதான் நான் ஒழுங்காக வகுப்புக்குப் போனேன்.

வகுப்பில் கல்லைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது பேச்சு. இந்தத் தொழிலில் பாதிச் சொற்கள் அடுப்படியில் இருந்து கிளம்பி வந்தவை. கரண்டி என்றால் குழம்புக் கரண்டி இல்லை, சாந்து அள்ளுகிற கரண்டி. சாந்து என்றால் நெற்றிக்கு இடுவது இல்லை, கல்லுக்கு அடியில் போடுகிற சுண்ணாம்புக் கலவை. தரை ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் கண்ணாடிக் குழாய் வைத்த ஒரு மரக்கட்டை. குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். அதற்கு ரசமட்டம் என்று பெயர்.

முதல் வாரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சும்மா இருக்காமல், "இன்னிக்கு வாத்தியார் ரசமட்டம் பாக்கச் சொன்னாரும்மா" என்றேன்.

அம்மா கையில் இருந்த ரசச் சட்டியைக் கீழே வைத்தார்.

"என் ரசம் மட்டம்னு சொல்ல அந்த ஆளு யாருடா?"

அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கு வெறும் மோர்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வாத்தியார் பெயர் சூசை. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் கறார். ஒருமுறை "சுண்ணாம்பு ரெண்டு மூட்டை வேணும்னு கேட்டுட்டு வா" என்று அவர் சொன்னதை, கடையில் நான் கொஞ்சம் மரியாதை சேர்த்து, "வாத்தியார் ரொம்ப விசாரிச்சார், உங்களால முடிஞ்சதைக் குடுக்கச் சொன்னார்" என்று சொல்லிவைத்தேன். அரை மூட்டை வந்தது. அன்றில் இருந்து அவருக்கு ஒரே பல்லவி.

"நான் சொன்னதைச் சொல்லு. உன் சொந்தச் சரக்கைச் சேக்காத."

வகுப்பில் எனக்கு ஒரே கூட்டாளி கருப்பையா. நல்லவன். ஆனால் வாத்தியார் ரசமட்டம் போட்டுப் பார்க்கச் சொல்லும் நாளாகப் பார்த்து அவன் வேறு மட்டம் போட்டுவிடுவான். வைகையில் தண்ணீர் வந்தால் மட்டம், வராவிட்டாலும் மட்டம்.

பரீட்சைக்காக எங்களுக்குக் கிடைத்த இடம், ஆரப்பாளையத்தில் சோணைமுத்து அண்ணன் வீடு. சமயநல்லூர்ப் பக்கம் வயல் உள்ள குடும்பம். சிம்மக்கல்லில் வெல்ல மண்டி. பழைய வீட்டுக்கு முன்னால் புதிதாக ஒரு கூடம் கட்டியிருந்தார். அந்தக் கூடத்துக்குப் பூக்கல் பதித்துக் கொடுக்க வேண்டும். பட்டணத்தில் இருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் தலையை ஆட்டினால் எனக்குப் பத்திரம். ஆட்டாவிட்டால் திண்டுக்கல், தோல், பூனை.

பழைய வீட்டில் சோணைமுத்து அண்ணனின் தகப்பனார் வீரணப் பெரியவர் படுத்திருந்தார். இழுப்பு நோய். அது கூடும்போதெல்லாம் சொந்தபந்தம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். எல்லோரும் வந்து சேர்ந்ததும் பெரியவர் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்பார். இப்படியே பல தடவை ஆகிப்போனதில், ஒத்தக்கடையில் இருக்கும் மருமகன் கடைசியாக வந்தபோது முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம்.

"இனிமே உறுதியாத் தெரிஞ்சாத்தான் வாரது."

அந்த வாரம் பெரியவருக்கு இழுப்பு கொஞ்சம் அதிகம்தான். அதனால் சோணைமுத்து அண்ணன் ஒத்தக்கடைக்கு வெல்லம் எடுக்கப் போகும்போது, ஏதாவது ஆனால் உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்று மண்டியில் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது.

பரீட்சைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. கல்லெல்லாம் பதித்தாகிவிட்டது. கடைசி வேலை ஒன்றுதான் பாக்கி. சிமிட்டியையும் சுண்ணாம்பையும் தண்ணீராகக் கரைத்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள சந்துகளில் ஊற்ற வேண்டும். வெள்ளையாக, நீர்க்க இருப்பதால் அதற்குத் தொழிலில் பால் என்று பெயர்.

கருப்பையா அன்று மட்டம். வாத்தியாரும் நானும் பாலை ஊற்றினோம். எனக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு சுத்தமாக இறங்கியது. கல்லின் பூப்போட்ட பக்கத்தை முகம் என்போம். முகத்தில் பட்டதையெல்லாம் துடைத்தோம். பூவெல்லாம் பூவாகவே இருந்தது. பழைய வீட்டில் இருந்து பெரியவர் குரல் வந்தது, "மோர்ல உப்பு பத்தலை."

வாத்தியார் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"காசிம், சாயங்காலம் இந்தக் கூடத்துல வெல்ல மூட்டை எறக்கணும்னு பேசிக்கிட்டிருந்தாங்க. மண்டிக்குப் போ. பால் ஊத்தியாச்சு, மூணு நாளைக்கு யாரும் உள்ள காலடி வைக்கக் கூடாதுன்னு சொல்லு. அம்புட்டுதான். உன் சொந்தச் சரக்கு?"

"சேக்க மாட்டேன் வாத்தியாரே."

சேர்க்கவில்லை. அதுதான் வினை.

சிம்மக்கல் மண்டியில் கணக்குப்பிள்ளை சுந்தரம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, காதில் பேனா, மடியில் ஈ ஓட்டுகிற விசிறி. முதலாளிக்கு ஒரு தும்மல் வந்தால் இவருக்குக் காய்ச்சல் வரும், அப்படி ஒரு விசுவாசம்.

"என்ன தம்பி?"

ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "ஆரப்பாளையம் வீட்டுல பால் ஊத்தியாச்சுண்ணே."

விசிறி நின்றது.

"எப்ப?"

"இப்பத்தான். ஊத்துன கையோட கெளம்பி வாரேன்."

"காலையிலகூட ஒண்ணும் தாக்கல் இல்லையேப்பா."

"காலையில ஒரு நிதானத்துக்கு வரலைண்ணே. இதுக்கு மேல வச்சிருந்தா சரிப்படாதுன்னு வாத்தியார் ஊத்தச் சொல்லிட்டாரு."

"யாரு ஊத்துனது?"

"வாத்தியாரும் நானுந்தான்."

சுந்தரம் அண்ணன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெத்த மகன் ஊத்த வேண்டியது. யாரோ எவரோ நீங்க ஊத்தியிருக்கீங்க. நல்லா இருப்பீங்கப்பா."

வீட்டுக்காரர் தன் கையால் ஊற்றுவது இவர்கள் வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். நாம் முந்திக்கொண்டோமே என்று கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

"அவரு வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியாதுண்ணே. கட்டி பிடிச்சிரும்."

"சரிதான், சரிதான். செரமம் இல்லாம எறங்குச்சா?"

"அருமையா எறங்குச்சு. ஒரு எடத்துலயும் தங்கலை."

"குடுத்து வச்சிருக்கணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முகம்?"

"முகத்தைத் தொடச்சுப் பளிச்சுன்னு வச்சிருக்கோம்ணே. நீங்க பாக்கணும்."

அவர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். நல்ல வேலையைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்குகிற மனிதரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு வந்தது சரிதான் என்று தோன்றியது.

"ஆனா மூணு நாளைக்கு யாரும் உள்ள வரக் கூடாதாம்ணே."

"அதெப்படிப்பா? சொந்தபந்தம் வந்து பாக்க வேணாமா?"

"நாளைக்குப் பட்டணத்துல இருந்து அதிகாரி ஒருத்தர் வந்து பாக்குறாரு. அவரு பாத்து முடிச்சிட்டா அப்புறம் கவலை இல்லை."

"பட்டணத்து அதிகாரியா?" அவர் வாயைப் பிளந்தார். "அம்புட்டுப் பெரிய ஆளுகளோடயா பழக்கம்? மனுசன் வெளிய காட்டிக்கிட்டதே இல்லையே."

வாத்தியாரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "அவரு எப்பவுமே அப்படித்தாண்ணே. பெருமை பேச மாட்டாரு."

"நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

"நல்லாத் தாங்கும். வெயில் மட்டும் படக் கூடாது. அப்பப்பத் தண்ணி தெளிச்சு, நனைஞ்ச சாக்கைப் போட்டு மூடி வச்சா ஒண்ணும் ஆகாது."

"சாக்கா?" சுந்தரம் அண்ணன் நெஞ்சில் கை வைத்தார். "எங்களுக்கு அப்படி ஒரு கதி வரலை தம்பி. கோடி வேட்டி வாங்கி அனுப்புறேன். பந்தலுக்கும் ஆள் விடுறேன்."

"வேட்டியாண்ணே? வீணாப் போயிருமே."

"போனாப் போகுது. இதுக்குச் செய்யாம வேற எதுக்குச் செய்ய?"

மண்டியில் இருந்து இறங்கி நடந்தபோது எனக்கு மனசு நிறைந்திருந்தது. தரைக்கு வெயில் படாமல் பந்தல், மேலே மூடப் புது வேட்டி. வெல்லம் விற்பவர்களுக்கு இவ்வளவு தாராளமா? என் அத்தா ஒரு கிழிந்த துணியைக்கூடத் தரைக்குத் தர மாட்டார்.

திரும்பிப் பார்த்தேன். சுந்தரம் அண்ணன் கடைப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்து அடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் சைக்கிளில் ஏறி ஒத்தக்கடைப் பக்கம் பறந்தான். ஜும்மா நேரம் என்பதால் கடை அடைக்கிறார் என்று நினைத்தேன். சுந்தரம் அண்ணனுக்கும் ஜும்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிற மூளை எனக்கு இருந்திருந்தால் நான் சட்டையே ஒழுங்காகத் தைத்திருப்பேன்.

பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுதேன். நாளைக்கு அந்த அதிகாரி தலையை ஆட்ட வேண்டும் என்று துஆ கேட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்று அம்மா ரசமும் ஊற்றினார். "தேறிருவியாடா?" என்று அத்தா கேட்டார்.

"பால் ஊத்துனதைச் சொன்னதுக்கே மண்டியில கண்ணு கலங்கிட்டாங்க அத்தா. பாத்தா என்ன ஆவாங்களோ."

அத்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சட்டைக்குக் காஜா எடுக்கப் போய்விட்டார்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஆரப்பாளையத்துக்குத் திரும்பினேன். வழியில் கொட்டுக்காரர்கள் தப்பும் தவிலுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார்.

"பாய், வெல்ல மண்டிக்காரக வீடு எது?"

"நானும் அங்கதான் போறேன். எதுக்கு?"

"பெரியவர் எறந்துட்டாராம்ல."

எனக்குத் திக்கென்றது. பாவம், காலையில்தானே மோருக்கு உப்புக் கேட்டார். நான் சிம்மக்கல் போயிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் போல. 'இன்னா லில்லாஹி' என்று சொல்லிக்கொண்டேன். மனசு நிஜமாகவே கஷ்டப்பட்டது.

"எப்பவாம்ணே?"

"காலையிலயே. பால்கூட ஊத்தியாச்சாம். யாரோ ஒரு பாய் தம்பி மண்டியில வந்து சொல்லிட்டுப் போச்சாம்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

எங்களில் ஒருவர் மௌத்தானால் அங்கே பாலுக்கு வேலை கிடையாது. சூசை வாத்தியாருக்கும் கிடையாது. ஆனால் சாகக் கிடக்கிறவர் வாயில் மகனும் மகளும் கடைசியாகப் பால் ஊற்றி அனுப்புவது இந்த ஊரில் எத்தனை வீட்டில் நடக்கிறது. பிறந்ததில் இருந்து கேள்விப்பட்டதுதான். கூடத்துச் சந்தில் ஊற்றுகிற பாலை ஊற்றும்போது அது மண்டையில் ஏறவில்லை. கருப்பையா அன்று வந்திருந்தால் வாக்கியம் வாத்தியார் வாயை விட்டு வந்ததுமே சிரித்திருப்பான். ஊரில் மட்டம் போடுகிறவன் ஒருவன், மாட்டிக்கொள்கிறவன் இன்னொருவன்.

சுந்தரம் அண்ணன் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. செரமம் இல்லாம எறங்குச்சா. முகம். நாளைக்கு வரைக்கும் தாங்குமா. நனைஞ்ச சாக்குப் போட்டு மூடச் சொன்னேனே. யா அல்லா.

கொட்டுக்காரர்களை முந்திக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஒத்தக்கடைக் கூட்டம் வந்துவிட்டது. வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுவண்டிகள் தெருவை அடைத்து நின்றன. கூடத்து வாசல்படியில் சூசை வாத்தியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் உள்ள வராதீங்க. பால் ஊத்தியிருக்கு."

"தெரியும்யா," என்றார் ஒத்தக்கடை மருமகன். "அதனாலதான் வந்திருக்கோம்."

"பால் ஊத்துனா வரக் கூடாதுய்யா."

"பால் ஊத்துனாத்தான்யா வருவோம். சும்மா இழுத்துக்கிட்டுக் கெடந்தா வர மாட்டோம்னு போன தடவையே சொல்லிட்டோம்ல."

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் திரும்பவும், "இறுகுற வரைக்கும் தொடக் கூடாது" என்றார். அதைக் கேட்டதும் பெண்கள் பக்கம் அழுகை கூடிவிட்டது. பெரியவரின் மகள் பேச்சியம்மா, "என்னப் பெத்த அய்யா" என்று வாத்தியாரின் விரித்த கைக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினார். பின்னாலேயே சோணைமுத்து அண்ணன். அவருக்குப் பின்னால் ஒத்தக்கடையே ஓடியது. பழைய வீட்டுக்குப் போக வழி அந்தக் கூடம் ஒன்றுதான்.

என் பூவெல்லாம் காலுக்குக் கீழே போனது. ஈரப்பால் சந்துகளில் இருந்து பிதுங்கி முகத்தில் ஏறியது. கட்டை விரல், குதிகால், மெட்டி போட்ட விரல், அத்தனையும் என் தரையில். எனக்கு மூக்கில் உப்புத்தோல் வாடை அடித்தது. சத்தியமாக அடித்தது.

பழைய வீட்டுக் கதவு திறந்தது.

வீரணப் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். மீசையில் மோர்.

"எவன்டா செத்தது?"

தெருவில் தவில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சியம்மா அப்படியே அவர் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வயித்துல பாலை வாத்தீக அய்யா," என்று தேம்பினார். பால் என்ற சொல்லைக் கேட்டதும் சூசை வாத்தியார் மறுபடி பதறினார்.

ஆனால் அந்த அம்மாள் அழுதது நிஜம். வண்டியில் வரும்போதே அழுது கண் வீங்கிப்போயிருந்தது. பெரியவர் குனிந்து மகளின் தலையைத் தடவினார். அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அப்போதுதான் வெட்கம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றேன்.

"நாந்தாங்கய்யா சொன்னேன். நான் சொன்னது இந்தப் பால். இந்தத் தரைக்கு ஊத்துற பால்." வாளி கழுவி வைத்திருந்த வெள்ளைத் தண்ணீரைத் தூக்கிக் காட்டினேன்.

கூட்டத்தில் ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புத் தண்ணியால்ல இருக்கு" என்றார்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சோணைமுத்து அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியதை மூடுவதற்கு முன்னால் பார்த்தேன்.

"அவனை விடுடா," என்றார் பெரியவர். "நாற்காலியைக் கொண்டா."

நாற்காலி வந்தது. கூடத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். தடியை ஊன்றினார், ஊன்றிய இடத்தில் ஒரு கல் மெல்ல உள்ளே இறங்கியது. அதைப் பார்த்து எனக்கு உயிர் இறங்கியது.

பெரியவர் சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டார்.

"யார் யாரு வந்திருக்கீக? பெரியகுளத்தான் வரலையா? வர மாட்டான், தெரியும். மாலை யாரு வாங்குனது?"

"நாந்தான் மாமா," என்றார் மருமகன்.

"எனக்கு இம்புட்டுத்தானா? கண்ணாலத்துக்கு இதைவிடப் பெருசால்ல நான் உனக்குப் போட்டேன்."

மருமகன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கோடி வேட்டியைப் பெரியவர் வாங்கி, கரையைத் தடவிப் பார்த்து, நயமாக இருக்கிறது என்று மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. இழுப்பு எங்கே போனதோ தெரியவில்லை. அவ்வளவு தெம்பாக அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு உனக்குப் பரீட்சைன்னு வாத்தியார் சொல்லிக்கிட்டிருந்தாரே. இந்தத் தரையிலயா?"

"ஆமாங்கய்யா. தேறலைன்னா தோல் மண்டிக்கு அனுப்பிருவாங்க."

பெரியவர் தரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"அழ வந்தவுக எல்லாரும் குனிஞ்சு தொடைங்க."

யாரும் அசையவில்லை. தடியை இன்னொரு தட்டுத் தட்டினார். கல் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"நான் செத்திருந்தா நாளைக்கு வரைக்கும் இருந்துதானே போவீக? இருந்து தொடைச்சிட்டுப் போங்க."

சாக்கு வந்தது. ஈரத்தை உறிஞ்சத் தவிடு வந்தது. அழுது களைத்த பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எப்படித் துடைக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார், ஒத்தக்கடைக்கே அன்று பாதி வகுப்பு முடிந்தது. முகத்தில் பட்டதைத் துடைத்துவிட்டுச் சந்துக்குத் திரும்பவும் பால் விட்டோம். ஊற்றுவதற்கு முன் வாத்தியார், "இப்ப ஊத்துறது தரைக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஊற்றினார். எல்லோரும் பழைய வீட்டுப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள், வெளியே போக முடியாமல் அன்று பெரியவரோடேயே தங்கினார்கள். வந்த கொட்டுக்காரர்கள் சும்மா போவானேன் என்று, துடைத்து முடிகிற வரை பெரியவர் அவர்களை வாசலில் அடிக்கச் சொன்னார்.

பின்னால் வந்து சேர்ந்த சுந்தரம் அண்ணன் மட்டும் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

மறுநாள் பட்டணத்து அதிகாரி வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் சொந்த ரசமட்டம். வாசலில் பந்தலைப் பார்த்துவிட்டுத் தனக்கு வரவேற்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். யாரும் மறுக்கவில்லை.

குனிந்து தரையைப் பார்த்தார். "முகம் இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லையே. எத்தனை பேர் வேலை செய்தீர்கள்?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். "ஊரே செஞ்சதுங்கய்யா," என்றேன்.

பலகை போட்டு அதன்மேல் நின்று, ரசமட்டத்தை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே வந்தார். குமிழி நடுவிலேயே நின்றது. கூடத்து மத்தியில் வைத்தார். குமிழி ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"இந்தக் கல் இறங்கியிருக்கிறதே. பெயர்த்துப் போட வேண்டும்."

"அதுல கை வைக்காதீக," என்று பழைய வீட்டு வாசலில் இருந்து பெரியவர் குரல் கொடுத்தார். புது வேட்டி கட்டியிருந்தார். "அது நான் உசுரோட இருந்ததுக்கு அடையாளம்."

அதிகாரிக்கு அது விளங்கவில்லை, வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஒரே கேள்வி. பால் ஊற்றிய பிறகு எத்தனை நாள் கால் வைக்கக் கூடாது?"

"மூணு நாளுங்கய்யா."

"அதற்குள் யாராவது மிதித்துவிட்டால்?"

"மிதிச்சவங்களே தொடைக்கணுங்கய்யா."

பெரியவருக்குப் பின்னால் நின்ற ஒத்தக்கடைக் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தபோது தலை ஆடியது. அது சிரிப்புக்கு ஆடியதா எனக்கு ஆடியதா என்று நான் கேட்கப் போகவில்லை. பத்திரம் வந்தது. திண்டுக்கல் மாமாவுக்கு வேறு ஆள் கிடைத்தார்.

அன்று வெளியே வந்ததும் வாத்தியார் ஓர் உத்தரவு போட்டார்.

"இனிமே உன் வாயில பால்ங்கிற சொல்லே வரக் கூடாது. கஞ்சின்னு சொல்லு. அதுவும் வெள்ளையா, தண்ணியாத்தானே இருக்கு. கஞ்சி ஊத்தியாச்சுன்னா ஒருத்தனும் சாக மாட்டான்."

நியாயமாகத்தான் பட்டது. அன்றில் இருந்து கஞ்சிதான்.

அப்புறம் ஒரு ரமலான் மாதத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் வேலை. நோன்பு திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சந்தெல்லாம் நிரப்பி முடித்துவிட்டு, உள்ளே இருந்த வீட்டம்மாளுக்குக் கேட்கட்டும் என்று வாசலில் நின்று, "கஞ்சி ஊத்தியாச்சு" என்று ஒரு சத்தம் கொடுத்தேன்.

தெருவே தூக்குச்சட்டியோடு வந்து தரையில் வரிசையாக நின்றது.